எந்தத் தீனுக்கு எந்த மாடு?

சாகாமக் குளத்தின் கீழுள்ள வயல்களில் பெரும்போக விதைப்புத் தொடங்கிவிட்டால் மாடுகளுக்கு அங்கே இடமில்லை. பட்டிக்காரர்கள் மாடுகளைச் சாய்த்துக்கொண்டு காட்டோரங்களுக்கும் மேட்டு நிலங்களுக்கும் போய்விடுவார்கள். மாசி, பங்குனியில் வேளாண்மை வெட்டி முடிந்ததும் வயல் திறக்கும். சில வாரங்களுக்குத் தாளும் வரம்புப் புல்லும் தாராளமாகக் கிடைக்கும். ஆவணி வெயிலில் புல் கருகிய பிறகு மிஞ்சுவது வைக்கோலும் மரத்து இலையும் மட்டுமே. மில்லிலிருந்து தவிடு வாங்கிப் போடக்கூடியவர்கள் போடுவார்கள். அக்கரைப்பற்று தொடங்கிக் கல்முனை வரையான இந்தக் கரையோரத்தின் பாலும் தயிரும் இறைச்சியும் இந்தத் தீனிலிருந்துதான் வருகின்றன.

ஒரே தீனைத் தின்ற இரண்டு மாடுகளில் ஒன்று கூடுதலாகக் கறப்பதும் மற்றொன்று தின்றதையெல்லாம் உடம்பைத் தாங்கவே செலவழிப்பதும் ஏன்? அந்த வேறுபாட்டைப் பரம்பரையிலேயே தேர்ந்தெடுத்து வளர்க்க முடியுமா? ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உலகின் கால்நடை விஞ்ஞானிகள் இந்தக் கேள்வியின் பின்னால் இருக்கிறார்கள். விடைகளில் பெரும்பகுதி கிடைத்துவிட்டது. ஆனால் அவை குளிர்நாட்டுத் தொழுவங்களிலும் சோளமும் சோயாவும் கொட்டும் தீன்தொட்டிகளிலும் கிடைத்த விடைகள். நம் நிலத்துக்கு அவற்றில் எது பொருந்தும், எது பொருந்தாது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

இந்த அறிவியல் மிகத் தெளிவாக வளர்ந்த விலங்கு பன்றி. நம் ஊர்களில் அதை வளர்ப்பதுமில்லை, உண்பதுமில்லை. இலங்கையில் அத்தொழில் பெரும்பாலும் மேற்குக் கரையோரத்தில்தான் இருக்கிறது. என்றாலும் ஒரு விலங்கின் தீனை எப்படி அளப்பது, அளந்ததை எப்படி இனத்தேர்வாக்குவது என்ற முறையை அங்கிருந்தே கற்க வேண்டியிருக்கிறது. டென்மார்க் 1907இலேயே பன்றிகளுக்குச் சோதனை நிலையம் அமைத்து, எந்த ஆணின் குட்டிகள் குறைந்த தீனில் கூடுதலாக வளர்கின்றன என்று பதிவு செய்யத் தொடங்கியது. இன்று அத்தகைய நிலையங்களில் ஒவ்வொரு குட்டியின் காதிலும் மின்னணு அடையாள வில்லை இருக்கிறது. தொட்டிக்குள் தலையை நீட்டும்போது இயந்திரம் அதை அடையாளம் கண்டு, அந்த வேளை அது எத்தனை கிராம் தின்றது என்று குறித்துக்கொள்கிறது.

பல்லாண்டுகளாக எல்லாரும் பார்த்த அளவு தீன் மாற்று விகிதம். ஒரு கிலோ எடை கூட எத்தனை கிலோ தீன் போனது என்பதுதான் அது. வியாபாரிக்கு அது போதும். இனம் தேர்பவருக்குப் போதாது, ஏனென்றால் வேகமாக வளரும் விலங்குக்கு இந்த விகிதம் தானாகவே நன்றாக இருக்கும். அதை மட்டும் பார்த்துத் தேர்ந்தால் காலப்போக்கில் பெரிய உடம்புள்ள விலங்குகளே மந்தையில் நிறையும். பெரிய உடம்புள்ள தாய்மாட்டுக்கு ஆண்டு முழுவதும் தீன் போட வேண்டியவர்களும் நாமே.

இதற்கு வழியாக 1963இல் அமெரிக்காவில் கோக்கும் அவருடைய கூட்டாளிகளும் மாடுகளுக்கு வேறோர் அளவை முன்வைத்தார்கள். ஒரு விலங்கின் எடையையும் அது வளரும் வேகத்தையும் வைத்து, அதற்கு இவ்வளவு தீன் தேவைப்படும் என்று முதலில் கணிப்பது. உண்மையில் தின்றதிலிருந்து அந்தக் கணிப்பைக் கழிப்பது. இங்கே அதை மீதித் தீன் என்று அழைக்கிறேன். எடுத்துக்காட்டாக, இரண்டு கிடாரிகளும் 200 கிலோ, இரண்டும் நாளுக்கு 400 கிராம் கூடுகின்றன, இரண்டுக்கும் கணிப்பு 5 கிலோ தீன் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 5.5 கிலோ தின்றால் அதன் மீதி அரைக் கிலோ கூடுதல். மற்றது 4.5 கிலோவில் அதே வேலையை முடித்தால் அதன் மீதி அரைக் கிலோ குறைவு. இரண்டாவதைத்தான் நாம் தேடுகிறோம். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சந்தையில் எவ்வளவு கெட்டிக்காரத் தரகரானாலும் இந்த வேறுபாட்டைச் சொல்ல முடியாது. தராசு ஒன்றுதான் சொல்லும்.

இந்த மீதித் தீன் பரம்பரையாக இறங்குவது உறுதியாகிவிட்டது. மாட்டிலும் பன்றியிலும் விலங்குக்கு விலங்கு காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெற்றோர் தந்தது. பால் அளவுக்கும் கிட்டத்தட்ட இதே பங்குதான். அதாவது பாலுக்காக இனம் தேர முடியுமென்றால் சிக்கனமாகத் தின்பதற்காகவும் தேர முடியும். ஆஸ்திரேலியாவின் டிராங்கி ஆராய்ச்சி நிலையத்தில் 1993 முதல் அங்கஸ் மாடுகளை இரண்டு வரிசையாகப் பிரித்து, ஒன்றில் சிக்கனக்காரர்களையும் மற்றதில் வீண்செலவுக்காரர்களையும் தேர்ந்து வளர்த்தார்கள். தலைமுறைக்குத் தலைமுறை இரண்டுக்குமான இடைவெளி கூடிற்று. அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகமும் பிரான்சின் தேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனமும் 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் பன்றிகளில் இதையே தொடங்கின. அங்கும் அதே விளைவுதான்.

சிக்கன வரிசைக்கு வேறு ஏதாவது பறிபோகிறதா என்ற கேள்வி உடனே எழுந்தது. குறைவாகத் தின்னும் விலங்கு நோயை எதிர்க்கத் தேவையான சேமிப்பு இல்லாமல் விழுந்துவிடும் என்று பலர் அஞ்சினார்கள். அயோவாவின் சிக்கனப் பன்றிகளுக்கு ஒரு கடும் வைரசு நோயை வேண்டுமென்றே ஏற்றிப் பார்த்தபோது அவை மோசமாகவில்லை, தாக்குப்பிடித்தன. பிரெஞ்சு வரிசையிலோ சிக்கனத் தாய்கள் பால் கொடுக்கும் காலத்தில் தம் உடல் கொழுப்பையே அதிகமாக உருக்கின. இந்த இரண்டாவது செய்தி பால் மாடு வைத்திருக்கும் நமக்கு முக்கியமானது. கன்று போட்ட பிறகு உடம்பு வற்றும் பசு மறுபடி சினைப்பட நாளாகும். ஈற்றுக்கும் ஈற்றுக்கும் இடையே மாதங்கள் நீண்டால், நாளொன்றுக்கு மிச்சப்படுத்திய தீனெல்லாம் அந்தச் சும்மாயிருக்கும் மாதங்களில் கரைந்துபோகும். ஆகவே பசுவின் திறனை ஒரு நாளை வைத்துக் கணக்குப் பார்க்கக் கூடாது, அதன் ஆயுளை வைத்தே பார்க்க வேண்டும்.

தேர்வு எவ்வளவு தூரம் போகும் என்று அறிய விரும்புகிறவர்கள் கோழியைப் பார்த்தால் போதும். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹேவன்ஸ்டைன் குழு 2003இல் வெளியிட்ட ஒப்பீடு இத்துறையின் அடிப்படைச் சான்றுகளில் ஒன்று. 1957ஆம் ஆண்டுக் கோழியினம் ஒன்றை மாறாமல் காத்து வைத்திருந்தார்கள். அதை 2001இன் புரொயிலரோடு சேர்த்து வளர்த்தார்கள். ஏறத்தாழ 1.8 கிலோ எடையை அடைய, அந்தக் காலத் தீனில் பழைய கோழிக்கு 101 நாளும், கிலோவுக்கு 4.42 கிலோ தீனும் ஆனது. புதிய கோழிக்குப் புதிய தீனில் 32 நாளும் 1.47 கிலோவும் போதுமாக இருந்தன. இந்த மாற்றத்தில் 85 முதல் 90 வீதம் இனத்தேர்வின் பங்கு, மிச்சமே தீனின் பங்கு என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்றுக் கடைகளில் இன்று விற்கும் கோழி அந்த வேலையின் பேரப்பிள்ளை. அதன் தூய வரிசைகளில் பெரும்பகுதி உலகில் இரண்டு மூன்று நிறுவனங்களின் கையில் இருக்கிறது. நாம் வாங்குவது கடைசித் தலைமுறைக் குஞ்சு. அதிலிருந்து நாமே இனம் தேர முடியாது. அந்தக் கோழியைச் சோளத்துக்கும் சோயாவுக்கும் ஏற்றபடி செதுக்கியிருக்கிறார்கள். சோளத்துக்கும் சோயாவுக்கும் தட்டுப்பாடு வந்தால் என்ன நடக்கும் என்பதை நாடு கண்ணால் கண்டது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்தார்கள். நவம்பரில் தடையை எடுத்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது. அம்பாறை, மொனராகலை, அநுராதபுரச் சோளச் சேனைகள் விளைச்சலை இழந்தன. 2022இல் அந்நியச் செலாவணியும் தீர்ந்ததால் வெளியிலிருந்தும் சோளம் வரவில்லை. தீன் விலை தாங்காமல் கூடுகள் காலியாயின. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்கும் நிலைக்கு நாடு வந்தது. கோழியின் பரம்பரைத் திறனில் அப்போது ஒரு குறையும் இருக்கவில்லை. அது எந்தத் தீனை நம்பிப் பிறந்ததோ அந்தத் தீன்தான் இல்லாமற் போயிற்று.

கோழியின் திறன் குறைய வெப்பமும் ஒரு காரணம். கோழி சூடாகும்போது முதலில் தீனைக் குறைக்கிறது. இதில் நம் வளவுகளில் ஓடும் மொட்டைக் கழுத்து நாட்டுக்கோழிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அதன் ஒற்றை மரபணு ஒரு பக்கப் பெற்றோரிடமிருந்து வந்தால் இறகில் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது, இரு பக்கமும் வந்தால் ஐந்தில் இரண்டு பங்குவரை. உடல் வெப்பம் எளிதாக வெளியேறுவதால், சூடான கொட்டிலில் அந்த மரபணுவைக் கொண்ட இறைச்சிக் கோழிகள் முழு இறகுக் கோழிகளைவிட நன்றாக வளர்ந்ததை இஸ்ரேலிலும் பிற நாடுகளிலும் நடந்த சோதனைகள் காட்டின. உம்மாமாரும் மூத்தம்மாமாரும் தம்மை அறியாமல் காத்து வைத்திருக்கும் இந்தச் செல்வத்தை நானறிந்தவரை யாரும் எடை போட்டுப் பார்க்கவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

மாட்டுக்கு வருவோம். நம் நாட்டு மாடு சிறிய உடம்பு. 200 கிலோவைச் சுற்றி நிற்கும், நாளுக்கு ஒன்றிரண்டு லீட்டர் கறக்கும். அதைச் சிக்கனத்தின் சிகரம் என்று புகழ்பவர்களும் இருக்கிறார்கள், உதவாத மாடு என்று ஒதுக்குபவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பும் அளக்காமல் பேசுகின்றன. உடல் எடை மூன்று மடங்கானால், உயிரைத் தாங்கத் தேவையான சக்தி மூன்று மடங்காவதில்லை. ஏறக்குறைய 2.3 மடங்காகிறது. ஆகவே 600 கிலோ ஃபிரீசியன் ஒன்று 20 லீட்டர் கறந்தால், ஒரு லீட்டருக்குச் செலவாகும் தீனில் நாட்டு மாடு அதனோடு போட்டி போடவே முடியாது. அமெரிக்கப் பால்துறை 1944க்கும் 2007க்கும் இடையில் இந்த வழியிலேயே முன்னேறியது. அதே அளவு பாலை 2007இல் உற்பத்தி செய்ய முன்பு தேவைப்பட்ட மாடுகளில் 21 வீதமும் தீனில் 23 வீதமும் போதுமாயின என்று கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2009இல் கணித்தது. அதே ஃபிரீசியன் ஐந்தாறு லீட்டரில் நின்றுவிட்டாலோ, அந்தப் பெரிய உடம்பைத் தாங்கும் செலவு முழுவதும் அந்தச் சில லீட்டர்களின் தலையில் விழும்.

நம் கரையில் அது அப்படி நின்றுவிடுவதற்குக் காரணங்கள் உண்டு. வெப்பத்தையும் ஈரப்பதனையும் சேர்த்துக் கணிக்கும் சுட்டி 72ஐத் தாண்டினால் உயர்கறவைப் பசு தீனைக் குறைக்கத் தொடங்குகிறது. 30 பாகை வெப்பமும் 75 வீத ஈரப்பதனும் உள்ள ஒரு சாதாரணக் கடலோரப் பகலில் அந்தச் சுட்டி 82. அடுத்தது வைக்கோல். அதில் புரதம் 3 முதல் 5 வீதம்தான். அந்த அளவில் இரைப்பையின் நுண்ணுயிர்களே பட்டினி கிடக்கும். திமில் மாடுகள் இந்த நிலையில் ஓரளவு சமாளிக்கின்றன. அவற்றின் உயிர்தாங்கு செலவு ஐரோப்பிய மாட்டைவிடச் சுமார் 10 வீதம் குறைவு என்று அமெரிக்காவின் தேசிய ஆய்வு மன்றத்து அளவைகளே ஏற்கின்றன.

2017இல் தொடங்கி ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் சினைக் கிடாரிகளைக் கொண்டுவந்து இலங்கையின் சிறு, நடுத்தரப் பண்ணையாளர்களுக்கு விற்ற திட்டம் இந்தக் கணக்கைப் பார்க்கவில்லை. 20,000 மாடுகள் என்று போட்ட திட்டத்தில் ஏறக்குறைய 5,000 வந்தன. பல மாடுகள் நோயில் விழுந்தன, பல இறந்தன. சொன்ன பால் கிடைக்கவில்லை, கடன் மட்டும் மிஞ்சியது. கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கையும் திட்டத்தைக் குறை கூறியது. அந்த மாடுகள் பிறந்த நாட்டில் அவை நல்ல மாடுகள்தான். திறன் என்பது மாட்டுக்குள் மட்டும் இருக்கும் குணமென்று எண்ணி வாங்கியதே தவறு. மாடும் தீனும் வெயிலும் சேர்ந்த இடத்தில்தான் திறன் பிறக்கிறது. தானியத் தீனில் முதல் வரிசையில் நின்ற விலங்குகள் புல்லுக்கும் நார்த்தீனுக்கும் மாறியதும் வரிசை மாறுவதைப் பல நாட்டுச் சோதனைகள் காட்டியிருக்கின்றன.

இதற்கு நேர்மாறான வழியும் ஆஸ்திரேலியாவிலேயே உண்டு. குயின்ஸ்லாந்தில் 1960களில் திமில் இனமான சாஹிவாலையும் ஃபிரீசியனையும் கலந்து, அந்த வெப்ப நிலத்திலேயே, உண்ணியின் நடுவிலேயே வைத்துப் பாலுக்காகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆஸ்திரேலியன் ஃபிரீசியன் சாஹிவால் என்ற இனம் அப்படி உருவானது. தமிழ்நாட்டில் காட்டுப்பாக்கத்துக் கால்நடைப் பல்கலைக்கழகப் பண்ணையிலும் நாட்டுப் பன்றியையும் பெரிய வெள்ளை யார்க்ஷயரையும் கலந்து புதிய இனம் எடுத்தார்கள். சென்னையைச் சுற்றியுள்ள பண்ணைகளில் பன்றிக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஓட்டல் கழிவு. அதைத் தின்று வளரும் விலங்கு வேண்டும் என்ற தேவை இனத்தேர்வுக்கு முன்னாலேயே தெளிவாக இருந்தது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரே தகப்பன்களின் குட்டிகளைப் பிரான்சிலும் வெப்பமண்டலத் தீவான குவாதலூப்பிலும் ஒரே நேரத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். எந்தத் தகப்பன் சிறந்தது என்ற கேள்விக்கு இரண்டு இடமும் ஒரே விடை தரவில்லை.

நம் கால்நடைத் திணைக்களம் உலர் வலயத்துக்கென்று சொல்லும் பரிந்துரையும் அடிப்படையில் சரியானதே. சாஹிவாலும் ஜேர்சிக் கலப்பும் இங்கு முழு ஃபிரீசியனைவிடப் பொருந்தும். ஆனால் சினை ஊசிக்கு வரும் காளையின் விந்து எந்தத் தீனில் வளர்ந்த மகள்களை வைத்துச் சோதிக்கப்பட்டது என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை. பட்டிகளில் பதிவும் இல்லை. எந்த மாட்டுக்கு எந்தக் காளை, எப்போது ஈன்றது, எவ்வளவு கறந்தது என்று எழுதி வைக்கும் வழக்கம் நம்மிடம் வேரூன்றவில்லை. பதிவில்லாத மந்தையில் இனத்தேர்வு என்று ஒன்று நடக்கவே முடியாது. மேய்ச்சல் மாட்டின் தீனை அளப்பதும் கடினம். புல்வெளியில் ஒவ்வொரு வாயையும் யார் எடை போடுவது?

2001இல் மெயுவிசன், ஹேய்ஸ், கொடார்ட் ஆகிய மூவரும் வெளியிட்ட முறை இந்தக் கடினத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டது. ஆயிரக்கணக்கான மரபணுக் குறிகளை ஒரே இரத்தத் துளியில் படிக்கலாம். ஒரு தொகுதி விலங்குகளின் தீனை மட்டும் சரியாக அளந்துவிட்டால், மற்ற விலங்குகளின் சிக்கனத்தைக் குறிகளை வைத்தே மதிப்பிடலாம். ஆஸ்திரேலியா 2015இலும் அமெரிக்கா 2020இலும் பால் மாட்டுக் காளைகளுக்கு, மிச்சமாகும் தீன் என்ற தனி மதிப்பீட்டை வெளியிடத் தொடங்கின. சிக்கன மாடு மீதேனையும் குறைவாக விடுகிறது என்பதால் அந்நாடுகள் இதில் கூடுதலாகப் பணம் போடுகின்றன. ஆனால் மரபணுக் குறிகளின் கணக்கும் அளந்த தொகுதியைப் போலவே இருக்கும். குளிர்நாட்டு ஃபிரீசியனில் செய்த கணக்கைச் சாகாமத்து மாட்டில் வைத்தால் அது பேசாது. ஆகவே அளக்கும் வேலையை யாரும் நமக்காகச் செய்து தர மாட்டார்கள்.

தீனைத் திருத்தினால் போதாதா, இனம் எதற்கு என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. யூரியாக் கரைசல் தெளித்து மூடிவைத்த வைக்கோலை மாடு கூடுதலாகத் தின்கிறது, கூடுதலாகச் செரிக்கிறது. 1980களில் இதை இலங்கையிலேயே விரிவாக ஆராய்ந்தார்கள். பண்ணையாளர்களில் மிகச் சிலரே அதைத் தொடர்ந்து செய்தார்கள். வரம்பில் கிளிரிசிடியா நட்டு இலை வெட்டிப் போட்டாலும் புரதம் கிடைக்கும். இவற்றின் பலன் சில வாரங்களில் தெரியும், இனத்தேர்வின் பலன் தெரியப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகும். முதலில் தீனைத்தான் திருத்த வேண்டும் என்பதே என் முடிவும். மேய்ச்சல் நிலம் அதன் ஒரு பகுதி. வட்டமடுப் பக்கத்தில் மேய்ச்சலுக்கும் பயிருக்கும் இடையே பல்லாண்டுகளாக இழுபறி நீடிக்கிறது. அது தீராமல் எந்த இனத்தைக் கொண்டுவந்தாலும் அது பசித்தே நிற்கும். இரு தரப்பும் நம் அயலவர்கள். நிலத்தை அளந்து எல்லையிட வேண்டிய பொறுப்பு நிர்வாகத்துடையது. இதையெல்லாம் செய்துகொண்டே, இனத்தேர்வுக்கான அளவீட்டை இன்றே தொடங்கவும் வேண்டும். பத்தாண்டு ஆகும் வேலையைத் தள்ளிப்போட்டால் அது என்றைக்கும் பத்தாண்டு தூரத்திலேயே இருக்கும்.

தொடங்குவதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை. மாட்டின் மீதித் தீனை அளக்க உலகம் ஏற்றுக்கொண்ட சோதனைக் காலம் ஏறக்குறைய 70 நாள். நாட்டு மாடு, சாஹிவால் கலப்பு, ஜேர்சிக் கலப்புக் கிடாரிகளில் ஐம்பதைத் தனித்தனித் தொட்டியில் கட்ட ஒரு கொட்டில் வேண்டும். நம் வைக்கோலையும் நம் மில் தவிட்டையும் வெட்டிய பச்சை இலையையும் நிறுத்துப் போட்டு, மிச்சத்தை நிறுத்தெடுக்க ஒரு தராசு வேண்டும். மாட்டை ஏற்றி நிறுக்க இன்னொரு தராசு. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு விவசாய பீடம் இருக்கிறது. திணைக்களத்துக்கு ஒவ்வொரு பிரதேசத்திலும் மிருக வைத்தியர் இருக்கிறார். பாற்பண்ணையாளர் சங்கங்களிடம் மாடு இருக்கிறது. இந்த மூவரையும் ஒரு கொட்டிலில் சேர்க்க ஒரு சுற்றறிக்கையும் சிறு நிதியுமே தேவை. மொட்டைக் கழுத்துக் கோழிக்கு இதைவிடக் குறைந்த செலவில், இதைவிடக் குறைந்த காலத்தில் செய்யலாம்.

பட்டி வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு கொப்பியில் ஒவ்வொரு பசுவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, ஈன்ற நாள், சினை ஊசி போட்ட நாள், காளையின் இலக்கம், வாரத்தில் ஒரு நாள் கறந்த அளவு, வாங்கிப் போட்ட தவிட்டின் எடை ஆகியவற்றை இந்த மாரியிலிருந்தே எழுதத் தொடங்குங்கள். விவசாய பீடத்தில் பிள்ளை படித்தால், இறுதியாண்டு ஆய்வுக்கு அந்தக் கொப்பியை அவர் கையில் கொடுங்கள்.